கிழங்கர் கிண்டிய மூன்று சொற்கள்

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டவை ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு, ஒரு ஹெல்மெற், கல் வைத்த பொலித்தீன் பை, பாதி குடித்த சோடாப் போத்தல். பூட்டியிருந்த ஒரு கதவின் முன்னால் இவை நான்கும் வரிசையில் நின்றன. இவற்றின் சொந்தக்காரர்கள் பக்கத்துத் தேநீர்க் கடைக்குள் இருந்து, எவருடைய செருப்பும் எவருடைய போத்தலையும் முந்திவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போனவர்களில் பாதிப் பேரை அனுப்பிவைத்தவர் அந்தக் கதவுக்குச் சொந்தக்காரர். அந்தப் பாதிப் பேரும் பிந்திப் போனதற்கும் அவரே காரணம்.

ஆள் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, இறப்பு, விவாகம் என எந்தப் பத்திரத்தைக் கொடுத்தாலும் ஆங்கிலத்தில் மாற்றி முத்திரை குத்தித் தருவார். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் தேநீர் ஆறுவதற்குள் முடிக்கும் வேலைக்கு இவருக்கு ஒரு பகல் வேண்டும். ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதுமுன் அது எங்கிருந்து வந்தது, யார் வீட்டுப் பிள்ளை, இடையில் எந்தெந்த ஊரில் தங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். "முன்பின் தெரியாத ஆளைச் சாட்சிக் கையெழுத்து வைக்க விடுவியளோ? சொல்லும் அப்பிடித்தான்" என்பார்.

பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டுவது போலச் சொல்லைக் கிண்டுகிறார் என்பதால் தேநீர்க் கடை நவம் அண்ணை வைத்த பெயர் கிழங்கர். குருநகரிலிருந்து கோப்பாய் வரை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் முகத்துக்கு முன்னால் மட்டும் சொன்னதில்லை. அவருக்கு அந்தப் பெயர் தெரியாது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம்.

எங்கள் பத்திரிகையின் செய்திப் பிரிவு அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. நான் தினமும் ஏறும் படி அவருடைய யன்னலை ஒட்டிப் போகிறது. அதனால் இதில் பாதியை நான் கண்டேன், மீதியைக் கேட்டேன்.

குருநகரில் பிறந்து, குருமடத்தில் நான்கு வருடம் லத்தீன் படித்து, குருவாகாமல் வீடு திரும்பியவர் அவர். ஏன் திரும்பினார் என்பதற்கு ஊரில் மூன்று கதைகள் உண்டு. அவர் சொன்னது நான்காவது: சாப்பாட்டு மணி அடித்த பிறகும் ஒரு வினைச்சொல்லை விட்டுவிட்டு எழும்ப மனம் வரவில்லையாம். நான்கு வருடமும் அப்படியே நடந்ததாம். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை கட்ட வேண்டிய இடத்தில் லத்தீன் அகராதியைக் கட்டிக்கொண்டு போனவர். அவருடைய அக்கா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த அகராதிக்கு இப்போது முன்னட்டை இல்லை. கோதுமை மாப்பைத் துணியில் சுற்றி, மேசையின் வலது மூலையில் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தியிருப்பார்.

அகராதிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த கொப்பி. கோடு போட்டு நான்கு நிரல்கள்: சொல், வேர், யாருக்காக, நாடு. முதல் மூன்றையும் அன்றே நிரப்புவார். நான்காவது, அந்த ஆள் போய்ச் சேர்ந்த பிறகு. அதனால் வீதியில் யாரைக் கண்டாலும் அவர் சுகம் விசாரிப்பதில்லை. "உம்மடை தம்பி போய்ச் சேர்ந்தாச்சோ?" என்றுதான் கேட்பார்.

மானிப்பாயிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று தரம் விசா மறுக்கப்பட்டவர். "விசா எண்டால் என்ன தெரியுமோ?" என்று கிழங்கர் தொடங்கினார். "லத்தீனிலை, பார்க்கப்பட்டது எண்டு அர்த்தம். பார்க்கப்பட்ட தாள்."

"பார்த்தவங்கள்தான் ஐயா" என்றார் மானிப்பாய்க்காரர். "மூண்டு தரமும் வடிவாப் பார்த்தவங்கள். தரேல்லை."

இன்னொரு நாள் பிரதேச சபைத் தேர்தல் வேட்பாளர் ஒருவர் ஏதோ பத்திரத்தோடு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரை இருக்கவிடாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த கிழங்கர், "கண்டிடேற் எண்டால் வெள்ளை உடுத்தவன். ரோமாபுரியிலை தேர்தலுக்கு நிண்டவங்கள் உடுப்பு வெளுப்பாத் தெரிய வெண்கட்டித்தூள் பூசினவங்கள். நீர் என்ன பூசினனீர்?" என்றார்.

"நீலம் ஐயா" என்றார் வேட்பாளர். அவர் தோற்ற பிறகு, வெண்கட்டி பூசியிருக்க வேண்டும் என்று நவம் அண்ணை கடையில் ஒரு கிழமை கதை நடந்தது.

செருப்பும் ஹெல்மெற்றும் வரிசையில் நின்ற அந்த நாளுக்கு வருகிறேன். சோடாப் போத்தல் சுகந்தியின் மாமாவுடையது. சுகந்தி உடுப்பிட்டியில் முன்பள்ளி ஆசிரியை. கணவர் கனடாவில். மனைவியை அங்கே அழைக்க அவர் விண்ணப்பித்து இரண்டு வருடம். இருபத்தேழு நாளைக்கு முன் விசா அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், மின்னஞ்சலின் குப்பைப் பெட்டிக்குள் ஒருவரும் பார்க்காமல் கிடந்து, முதல் நாள் இரவுதான் கண்ணில் பட்டிருக்கிறது. முப்பது நாளுக்குள் பதில் என்று நினைத்து மூச்சு விட்டவர்கள், விடிய எழும்பித் திரும்ப வாசித்தபோது இருபத்தேழு நாள் என்று கண்டார்கள். அன்றோடு அவகாசம் முடிகிறது. விளக்கத்தை ஆங்கிலத்தில், சத்தியப்பிரமாண முத்திரையோடு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு மூடப்படும். அனுப்ப வசதியுள்ள கொமினிகேஷன் கடை வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஐந்தரைக்குப் பூட்டும். பக்கத்து வீதியில் இருந்த மற்ற மொழிபெயர்ப்பாளர் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கொழும்பு போயிருந்தார்.

விசயத்தைக் கேட்டதும் முன்னால் இருந்த மூவரும் இடம் விட்டார்கள். செருப்புக்காரர் மட்டும், "செருப்பு அங்கையே நிக்கட்டும். பிறகு இடம் பிடிக்கேலாது" என்றார்.

கிழங்கர் கடிதத்தையும் விவாகப் பதிவுச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, சேர்ட்டிபிக்கற்றிலை ஆனி மாதம் கிடக்கு. நீர் போமிலை கலியாணத் திகதி தை எண்டு எழுதியிருக்கிறீர்."

"தாலி கட்டினது தையிலைதானே ஐயா."

"அப்ப ஆனியிலை நடந்தது?"

"அது எழுத்து. எழுத்தைப் போய் ஆராவது கலியாணம் எண்டு சொல்லுவினமோ?"

பிழை இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் முதலில் எழுத்து. பதிவாளருக்கு முன்னால் கையெழுத்து வைத்து, எல்லோரும் சாப்பிட்டு, மாப்பிள்ளை தன் வீட்டுக்கும் பெண் தன் வீட்டுக்கும் போவார்கள். தாலி ஏறும் வரை மாப்பிள்ளை வந்தால் முன் விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். உடுப்பிட்டியில் யாரிடம் படிவத்தைக் கொடுத்தாலும் தாலித் திகதியைத்தான் எழுதுவார். ஆனால் எங்கோ மேசையில் இருந்த அதிகாரிக்கு, சட்டப்படி கணவனும் மனைவியும் ஆனவர்கள் ஏழு மாதம் வேறு வேறு வீட்டில் இருந்ததும், பிறகு இன்னொரு திகதியைச் சொன்னதும் விளங்கவில்லை. இது உண்மையான திருமணம்தானா என்று கேட்டிருந்தார்.

"பதினைஞ்சு நிமிசத்து வேலை" என்றார் மாமா.

கிழங்கர் மாப்பைத் துணியை அவிழ்த்தார். மணி எட்டு ஐந்து.

பத்து மணிக்கு மாமா மேல்மாடிக்கு ஏறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "தம்பி, நீங்கள் பேப்பர்காரர். அந்த மனுசனுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. ரெண்டு மணித்தியாலமா ஒரு வரி எழுதேல்லை. புத்தகத்தைப் பிரட்டுறார், தலையை ஆட்டுறார், யன்னலாலை பார்க்கிறார். எனக்கு நெஞ்சு இடிக்குது."

நான் இறங்கிப் போனேன். சுகந்தி மர வாங்கின் நுனியில் இருந்தாள். கைத்தொலைபேசியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கனடாவில் அப்போது நள்ளிரவு. கணவர் விழித்திருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் 'முடிஞ்சுதோ' என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு தரமும் 'இப்ப முடியும்' என்று அனுப்பினாள்.

"அண்ணை, இண்டைக்குக் கடைசி நாள்" என்றேன் கிழங்கரிடம்.

"தெரியும். அதுதான் பிழை விடேலாது. இந்தக் கடிதத்திலை அந்த மனுசன் மூண்டு சொல்லு திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறான். ஸ்பௌஸ். ஸ்பொன்சர். றெஸ்பொண்ட். அவன் என்ன கேக்கிறான் எண்டு அவனுக்கே தெரியாது. நான் கண்டுபிடிச்சுச் சொல்லவேணும்."

"ஸ்பொன்சர் எங்களுக்குத் தெரியும் ஐயா" என்றார் மாமா. "உடுப்பிட்டியிலை பால்குடிக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கனடாவிலை இருந்து கூப்பிடுறது."

"பிழை. கூப்பிடுறதில்லை, வாக்குக் குடுக்கிறது. ஸ்பொண்டேரே எண்டு ஒரு வினை. சபைக்கு முன்னாலை வாய்விட்டு வாக்குக் குடுக்கிறது. எங்கடை கோயிலிலை ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கொண்டுவருவினம். அதாலை கதைக்க ஏலாது. அதுக்காக ஒருத்தன் நிண்டு வாக்குக் குடுப்பான். ஞானத்தகப்பன். அவனைத்தான் ஆங்கிலத்திலை முதல் முதல் ஸ்பொன்சர் எண்டவங்கள்."

மாமா என்னைப் பார்த்தார். "அப்ப எங்கடை மருமோன் இவளுக்கு ஞானத்தகப்பனோ?"

சுகந்தி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே கைத்தொலைபேசியைப் பார்த்தாள்.

மாமா வெளியே போய் மோட்டார் சைக்கிளின் பூட்டைச் சரிபார்த்துவிட்டு வந்தார். பிறகு கொமினிகேஷன் கடைக்குப் போய் ஐந்தரைக்குத்தான் பூட்டுவார்களா என்று கேட்டுவிட்டு வந்தார். அன்று முழுவதும் அதை ஏழு தரம் கேட்டதாகக் கடைக்காரப் பெண் பின்னர் சொன்னாள். ஏழாம் தரம் அவளே, "மாமா, உங்களுக்காக ஐஞ்சு முப்பத்தொண்டுக்குப் பூட்டுறன்" என்றாளாம்.

பன்னிரண்டரைக்கு நவம் அண்ணை எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்துக் கிழங்கர் எழுந்து நின்றார்.

"பிடிச்சிட்டன்! ஸ்பௌஸ் எண்டால் கூடி வாழுறவை இல்லை. வாக்குக் குடுக்கப்பட்டவை. ஸ்பொன்சர் வாக்குக் குடுத்தவன். றெஸ்பொண்ட் எண்டால் திருப்பி வாக்குக் குடுக்கிறது. மூண்டும் ஒரே கிழங்கு!"

நவம் அண்ணையின் கையிலிருந்த தட்டம் சரிந்தது. ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது.

"ஏன் நவம், நான் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாதோ? நீர் வைச்ச பேர்தானே" என்றார் கிழங்கர். "நல்ல பேர். ஆனால் பனங்கிழங்கு வேரில்லை. அது முளை. வைக்கேக்கை என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

நவம் அண்ணை உடைந்த கிளாஸைப் பொறுக்கக் குனிந்தவர், தேவைக்கு மேல் நேரம் எடுத்துக் குனிந்திருந்தார்.

அதோடு முடியும் என்று நினைத்தோம். ஆனால் லத்தீனுக்குப் பக்கத்து வீட்டில் கிரேக்கம் இருந்தது. இதே சொல்லின் சகோதரம் அங்கே வேறு பொருளில் வாழ்கிறதாம்: வாக்குக் கொடுக்கும்போது தெய்வத்துக்கு முன்னால் வார்ப்பது, ஊற்றுவது. ஒன்றரை மணிக்கு அதைக் கண்டுபிடித்தவர் சுகந்தியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, கலியாணத்திலை தாரை வார்த்தவையோ?"

"ஓம் ஐயா. அப்பா வார்த்தவர்."

"படம் இருக்கோ?"

இருந்தது. கைத்தொலைபேசியில் முந்நூறு படங்களைத் தள்ளி அவள் கண்டுபிடித்த படத்தில் முக்கால் பங்கு மாமாவின் தலை. மீதிக் கால் பங்கில் அவளுடைய தகப்பனாரின் கை, செம்பு, விழும் நீர், அதன் கீழே மூடிய கண்களோடு சுகந்தி.

"உந்தத் தலை ஆருடையது?" என்று கிழங்கர் கேட்டார்.

மாமா மோட்டார் சைக்கிளைப் பார்க்க வெளியே போனார்.

மூன்று மணிக்கு விளக்கம் எழுதி முடிந்தது. நான்கு பக்கம். ரோமாபுரியில் தொடங்கி, ஏதென்ஸில் தரித்து, உடுப்பிட்டியில் முடிந்தது. ஆனியும் தையும் நான்காம் பக்கத்தின் அடியில் வந்தன. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அரைப் பக்கத்துக்கு மேல் எவரும் வாசிக்கமாட்டார்கள் என்று எனக்கு என் தொழில் சொல்லித் தந்திருந்தது. ரோமாபுரியை வெட்டினேன். ஏதென்ஸை வெட்டினேன். ஞானத்தகப்பனை வெட்டும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, எடிற்றர் எண்டால் என்ன தெரியுமோ? வெளியாலை குடுக்கிறவன். லத்தீனிலை வெட்டுறவன் எண்டு எங்கையும் இல்லை."

"அண்ணை, விசா அதிகாரிக்கு லத்தீன் தெரியாது."

"அதுக்குத்தானே எழுதுறன்!"

"நாலு பக்கத்தையும் வாசிக்க மாட்டார். வாசிக்காட்டில் உந்தப் பிள்ளையின்ரை கோப்பை மூடிப்போடுவார்."

அவர் சுகந்தியைப் பார்த்தார். அவள் கைத்தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். பதில் அனுப்புவதை நிறுத்தியிருந்தாள். அவர் பேனாவை என்னிடம் விட்டார்.

நாலே கால் வரை வரிக்கு வரி சண்டை பிடித்தோம். கடைசியில் பதினொரு வரி மிஞ்சியது. அதில் இரண்டு வசனங்களை மட்டும் நான் தொட அவர் விடவில்லை. தமிழில் சொன்னால் அவை இப்படி இருக்கும்: 'எங்கள் ஊரில் இந்த வாக்கு இரண்டு தரம் கொடுக்கப்படும், முதலில் எழுத்தாலும் பிறகு நீராலும். முதலாவதுக்குப் பிறகு நாங்கள் ஒரே வீட்டில் வாழவில்லை, ஏனென்றால் இங்கே எவரும் அப்படி வாழ்வதில்லை.' படத்துக்கு நான் அடிக்குறிப்பு எழுதினேன், பத்திரிகை வழக்கப்படி, இடமிருந்து வலமாக. மாமாவின் தலையைக் குறிப்பிடவில்லை.

நாலு ஐம்பதுக்குத் தட்டச்சு முடிந்தது. ஐந்து பத்துக்கு அவர் இன்னும் ஒருதரம் வாசித்தார். ஐந்து பதினைந்துக்கு முத்திரையை எடுத்தார். மை காய்ந்திருந்தது. வாயால் ஊதினார், போதவில்லை. மாமா தன் சோடாப் போத்தலிலிருந்து இரண்டு துளி விட்டார். முத்திரை தெளிவாக விழுந்தது. தாளில் மெல்லிய எலுமிச்சை மணம் இருந்தது.

ஐந்து இருபத்திரண்டுக்கு சுகந்தி வீதியைக் கடந்து ஓடினாள். மாமா ஓடினார். செருப்புக்காரர் வெறுங்காலோடு ஓடினார். கிழங்கர் ஓடவில்லை, வாசலில் நின்று, "அவசரப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ!" என்று கத்தினார். அன்று முழுவதும் அவர் சொன்னதில் எல்லோரையும் கோபப்படுத்திய வசனம் அதுதான். கடைக்குள் கொம்பியூட்டர்த் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. ஐந்து இருபத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தது என்று வந்தது. கடைக்காரப் பெண் சொன்னபடியே ஐந்து முப்பத்தொன்றுக்குப் பூட்டினாள்.

நான்கு மாதம் கழித்து விசா வந்தது. அதிகாரி காரணம் ஒன்றும் எழுதவில்லை. என் பதினொரு வரியால் வந்தது என்று நான் சொன்னேன். தொட விடாத அந்த இரண்டு வசனங்களால் வந்தது என்று அவர் சொன்னார். படத்திலிருந்த தன் தலையால் வந்தது என்று மாமா உடுப்பிட்டியில் சொல்லித் திரிகிறார்.

போவதற்கு இரண்டு நாள் முன் சுகந்தி சொல்லிக்கொண்டு போக வந்தாள். கையில் ஒரு பொதி. அவித்த பனங்கிழங்கு. அவளுக்குப் பட்டப்பெயரின் கதை உண்மையிலேயே தெரியாது; அன்று அவள் முழு நாளும் கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நவம் அண்ணை தன் கடைக்குள் போய் நின்றுகொண்டார்.

"ஆர் பிள்ளை உமக்குச் சொன்னது, எனக்கு இது பிடிக்குமெண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. அம்மா அவிச்சவ."

அவர் ஒன்றை முறித்து, தும்பை உரித்து, பாதியை யன்னலால் எனக்கு நீட்டினார்.

போன மாதம் கிழங்கர் தன் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். காலில் மூலிகைப் பத்துப் போட்டிருக்கிறது. அறை பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு கதவுக்கு முன்னால் நிற்கிறது. குருநகருக்கு அவரைப் பார்க்கப் போனபோது, "ரெண்டு பேர் போய்ச் சேர்ந்திட்டினமாம். நிரப்பவேணும். கொப்பியை எடுத்துக்கொண்டு வாரும்" என்று அறைப் பூட்டின் திறப்பைத் தந்தார். அக்கா உள்ளேயிருந்து, "அகராதி வேண்டாம் தம்பி, கொப்பி மட்டும்" என்று சத்தம் போட்டார்.

அதே கொப்பிதானா என்று பார்க்கத்தான் திறந்தேன். விசா, மானிப்பாய்க்காரரின் பெயர், நான்காம் நிரலில் நோர்வே. கண்டிடேற், வேட்பாளரின் பெயர், ஒன்றும் எழுதவில்லை. ஸ்பௌஸ், சுகந்தி, கனடா. அதற்கு அடுத்த வரியில், அன்றைய திகதியிலேயே, எடிற்றர் என்ற சொல்லும் அதன் வேரும் என் பெயரும் இருந்தன.

நாடு என்ற நிரலில் 'மேல்மாடி' என்று எழுதியிருந்தது.